கொஞ்சம் தூரம்

தூரமோ என்று கேட்டார். ஓம், கொஞ்சம் தூரம் என்றாள். காலையில் வாசலில் நடந்த கதை அவ்வளவுதான். இனி அதை எத்தனை தரம் பிழிந்தாலும் ஒரு சொட்டும் வராது என்று தெரிந்தும் பரராசசிங்கம் அதையே பிழிந்துகொண்டிருந்தார். கை தன்பாட்டில் உருளைக்கிழங்கு துருவியது. நேற்று அவித்து ஆறவைத்த கிழங்கு. துருவி வெண்ணெயில் முறுகவிட்டுத் தட்டையாக எடுத்தால் ரோஸ்டி. இந்தச் சுவிஸ்காரர் பனி பார்க்க மலைக்கு வந்தால் அதைத் தின்னாமல் திரும்ப மாட்டார்கள். ஹோட்டல் குளிர்காலத்துக்குத் திறந்து இது இரண்டாவது ஞாயிறு. இருபது வருசமாக இதே குசினி, இதே யன்னல். யன்னலால் பார்த்தால் க்ராவென்ஹோர்ன் மலையின் வயிறு மட்டும் தெரியும்; தலை தெரிய வேண்டுமென்றால் கழுவுகிற தொட்டியோடு சாய்ந்து குனிந்து பார்க்க வேண்டும். காலையிலிருந்து அவர் அப்படித்தான் அடிக்கடி குனிந்துகொள்கிறார். இரண்டு நாள் காற்றும் பனியுமாக அடித்துத் தள்ளிவிட்டு, இன்றைக்கு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வானம் பளிச்சென்று நீலமாக நின்றது. அந்த நீலம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கலாம், குளிர்ந்தால் இன்னொரு சுவெட்டர் போடலாம், நீலத்துக்கு என்ன செய்வது? புயல் அடிக்கும்போது யாரும் மலைக்குப் போவதில்லை. அடுத்த நாள் இப்படி விடிந்தால்தான் எல்லாரும் போவார்கள், அவருடைய மனைவி உட்பட. கொஞ்சம் தூரம். ஊரில் கொஞ்சம் தூரம் என்றால் அடுத்த சந்தி, அங்கே ஒரு தேத்தண்ணிக்கடை இருக்கும், போய் விசாரிக்கலாம். இங்கே நாலு பக்கமும் மலை. கொஞ்சம் தூரம் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது.

மூன்று வருசத்துக்கு முன்புவரை வதனி பனியைக் கண்டாலே திட்டுகிறவள். முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும்போது படியில் உப்பைக் கொட்டிக்கொண்டே, என்ன கோதாரிக்கு இந்த நாட்டுக்கு வந்தோமோ என்பாள். ஒரு நாள் கூட வேலைசெய்கிற ரேகுலா, காலில் கட்டிக்கொண்டு பனிக்கு மேலே நடக்கிற அகலச் சப்பாத்து ஒரு சோடியைக் கொண்டுவந்து, வா என்று காட்டுக்குள் கூட்டிப் போனாள். பின்னேரம் திரும்பி வந்தவள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து, "இஞ்சாருங்கோ, அங்க ஒரு சத்தமும் இல்லையப்பா" என்றாள். சத்தமில்லாததைக் கேட்க இவ்வளவு உயரம் ஏன் ஏற வேண்டும், டிவியை நிப்பாட்டினால் போதுமே என்று அவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்தைப் பார்த்தபோதே இது லேசில் விடாது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு அவள் வகுப்புக்குப் போனாள், மண்வெட்டி வாங்கினாள், பனிக்குள் குத்திப் பார்க்கிற மடக்குக் கம்பி வாங்கினாள், பனிக்குள் புதைந்தவரைத் தேட நெஞ்சில் கட்டுகிற பீப்பர் ஒன்று வாங்கினாள். லீவு நாட்களில் ரேகுலாவுடைய பீப்பரை அவரிடம் தந்து ஒளிக்கச் சொல்லிவிட்டு, தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவாள். அவர் அதை அரிசி மூட்டைக்குள் புதைப்பார், ஒரு தரம் ஆழ்குளிர்ப் பெட்டியில் மீனுக்குக் கீழே வைத்தார். பீப் பீப் என்று கத்திக்கொண்டு வந்து அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவருக்கு அது ஒளித்துப்பிடித்து விளையாட்டாகத்தான் இருந்தது. போன கிழமை மேசையில் ஒரு தட்டம் வைத்துச் சீனியைக் கொட்டிப் பரப்பினாள். ஒக்டோபரில ஒருக்கால் பெய்ததெல்லோ, அதுதான் இது என்றாள். வெயில் படுகிற பக்கம் அது உருகிப் போய்விட்டதாம். நிழல் பக்கத்தில் கிடந்தது ஒரு மாதம் இரவுக் குளிரில் காய்ந்து சீனி மாதிரிக் குறுணிக் குறுணியாகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கிறதாம். அதன்மேல் கோதுமை மாவைத் தூவி உள்ளங்கையால் அழுத்தினாள். இது காற்று கொண்டுவந்து அடைக்கிற புதுப்பனி. மாவுக்கு மேலே ஒரு கச்சான் கடலையை வைத்தாள், இது ஆள். தட்டத்தை மெல்லச் சரித்தாள். மாவு உதிரவில்லை. வெடித்து, ஒரே பலகையாக, கச்சானையும் கொண்டு மேசைக்கு வந்துவிட்டது. "பனி குறைவுதானே, என்ன பயம் எண்டு சனம் நினைக்கும். உந்த மாதத்தில அதுதான் பிழை" என்றாள். ஒரு கிலோ சீனி வீணாய்ப் போச்சு என்று சொல்லிவிட்டு அவர் அந்தக் கச்சானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மாவோடு மென்று விழுங்கினார். இப்போது அதை நினைக்க, துருவிக்கொண்டிருந்த கை நின்றது.

முதலில் சத்தம் வந்தது. பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கமிருந்து, சுவரில் யாரோ குத்துகிற மாதிரி. ஹெலிகொப்டர் சத்தம் என்றால் அவருடைய முதுகுக்குத்தான் முதலில் தெரியும், காதுக்கு அல்ல. ஊரில் ஹெலி மேலேயிருந்து சுட்ட காலம் போய் முப்பது வருசமாகியும் முதுகு வளைந்து மேசைக்குக் கீழே போகப் பார்க்கும். இந்த ஊரில் ஹெலி என்றால் ஆட்களைக் காப்பாற்ற வருவது என்று முதுகுக்கு எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தும் அது படிக்கவில்லை. இன்றைக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன, முதுகு பயந்ததும் சரி, காது கேட்டதும் சரி. அது ஹோட்டலுக்கு மேலால் போய் க்ராவென்ஹோர்னின் வயிற்றைத் தாண்டி மேலே ஏறியது. அவர் குனிந்து பார்ப்பதற்குள் மலையின் தலைக்குப் பின்னால் மறைந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு உர்ஸ் வந்தான். ஹோட்டலில் குழாய் திருத்துவதும் பனி தள்ளும் வண்டி ஓட்டுவதும் அவன் வேலை. ஊரின் மலை மீட்புக் குழுவிலும் ஒருவன். சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தான். மேசையிலிருந்து பாண் துண்டு இரண்டை எடுத்துப் பைக்குள் வைத்தபடி, வடக்கில், நிழல் பக்கத்தில் ஒரு பனிப்பலகை கழன்று வந்துவிட்டது, கீழே ஆள் இருக்கிறதா இல்லையா தெரியாது என்று சமையல் தலைவன் ப்ரூனோவிடம் சொன்னான். பிறகு பரராசசிங்கத்தைப் பார்த்தான். "பாரா, உன் மனைவி இன்று மேலேயா?" ஓம் என்றார். "எந்தப் பக்கம்?" அவர் வாயைத் திறந்தார். உள்ளே இருந்தது ஒன்றுதான், அதுவே வந்தது. "கொஞ்சம் தூரம்" என்று ஜெர்மனில் சொன்னார். ஜெர்மனில் அது ஒரு பதிலே இல்லை. உர்ஸ் காத்திருந்தான், மிச்சம் வரும் என்று. மிச்சம் வரவில்லை. "யாரோடு?" ரேகுலாவோடு. "ரேகுலா கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு அவன் போனான். ரேகுலா கெட்டிக்காரி என்றால் என்ன அர்த்தம்? கெட்டிக்காரி, அதனால் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டாள் என்றா? கெட்டிக்காரி, ஆனாலும் என்றா? ஏன் அவன் பயப்படாதே என்று சொல்லவில்லை? ஒரு வார்த்தைதானே. பயப்படாதே என்று சொல்லக்கூடிய நிலைமை என்றால் சொல்லியிருப்பான். ரேகுலாவுக்கு வீட்டில் ஒரு பூனை மட்டும்தான்; அந்தப் பூனையிடமும் போய்க் கேட்க முடியாது. உலகத்திலேயே அவர்கள் போன இடம் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் இங்கே கிழங்கு துருவிக்கொண்டு நிற்கிறார்.

ஏன் கேட்கவில்லை என்று உர்ஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்கள் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டோம், கேட்டால் போகிற காரியம் சரிவராது, அதனால் தூரமோ என்று மட்டும் கேட்போம், அவரும் ஓம் கொஞ்சம் தூரம் என்பார், இரண்டு பேருக்கும் மனம் நிறைந்துவிடும். தவறிக் கேட்டுவிட்டால் போகிறவர் திரும்பி வந்து, கொஞ்சம் குந்தி இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதை ஜெர்மனில் சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள். தமிழில் நினைத்தால்கூட இன்றைக்குக் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. ஆனால் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட அவரால் ஆகாது, அவருக்குக் குகநேசன் இருந்தான். தம்பி. சைக்கிளின் ஒற்றை மிதியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலைத் தூக்கிப் போடப் போன நேரம். படலையடியில் நின்று அவர், வாய் சும்மா இருக்காமல், "எங்கயடா போறாய்?" என்று கேட்டுவிட்டார். குகநேசன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், சிரித்துக்கொண்டுதான். சைக்கிளை ஸ்டாண்டில் விட்டான், உள்ளே வந்து ஆட்டுக்கல்லில் குந்தினான், செம்பில் தண்ணீர் வார்த்துக் குடித்தான், வாயைத் துடைத்துக்கொண்டு போனான். இரவல் வாங்கிய காற்றுப் பம்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனான், அதைச் சொல்லிவிட்டே போனான். ஹெலி வந்தது அவன் சந்தியைக் கடக்கிற நேரம். அம்மா ஒரே ஒரு தரம், "ஏன் கேட்டனி?" என்றா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவ எடுக்காமல் விட்டதைத்தான் அவரால் இன்றுவரைக்கும் தாங்க முடியவில்லை. கேட்டதாலா? அல்லது இருந்ததாலா? ஆட்டுக்கல்லில் குந்தாமல், தண்ணீர் குடிக்காமல் அப்படியே போயிருந்தால் சந்தியைத் தாண்டியிருப்பானே? கேள்வி கொன்றதா, தண்ணீர் கொன்றதா? நேரே போயிருந்தாலும் திரும்பி வரும்போது அகப்பட்டிருப்பானோ? இதை முப்பது வருசமாக எந்தப் பக்கமாகப் புரட்டினாலும் ஒரு பக்கம் சுடும். வதனிக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்ததால்தானோ என்னவோ, கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளும் அவரை எங்கே என்று கேட்டதில்லை. இன்றைக்கு விடியப்புறம் அவள் சப்பாத்தைக் கட்டி, பையைத் தோளில் மாட்டி, வாசலில் நின்றாள். பையின் வாரை இழுத்து இறுக்கினாள். பிறகும் இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்த வாரை ஏன் அவ்வளவு நேரம் இறுக்கினாள்? அவர் ரொட்டியும் சம்பலும் கட்டிய பொதியைக் கொடுத்துவிட்டு, நாக்கின் நுனிவரை வந்த கேள்வியைக் கடித்து, தூரமோ என்று மாற்றிக் கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே ஓடிவிட்டார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"எங்கே போகிறாய்?" ப்ரூனோ. குளிரறைக்கு வெண்ணெய் எடுக்கப் போனாலும் கேட்பான், கழிப்பறைக்குப் போனாலும் கேட்பான், நல்ல மனுசன், வேலைக்காரர் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் வருசத்தில் பரராசசிங்கத்துக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். அவன் கேட்கிற ஒவ்வொரு தரமும் குழாயடியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். பாராவுக்கு நீரிழிவு வந்துவிட்டது, எந்த நேரமும் தண்ணீர் குடிக்கிறான் என்று குசினியில் ஒரு கதை உண்டு. இப்போதும் ஒரு வாய் குடித்துவிட்டுக் குளிரறைக்குள் போய், கதவைச் சாத்தி, குளிரில் நின்றார். வெண்ணெய் எடுக்க மறந்துபோனார். பனிக்குக் கீழே இப்படித்தான் இருக்குமோ? இங்கே லைட் எரிகிறது. அங்கே இருட்டு, கையை அசைக்க ஏலாது, வாய்க்கு முன்னால் ஒரு சாண் இடம் இருந்தால் கொஞ்ச நேரம் மூச்சு விடலாம், அதனால் உருளும்போதே கையால் முகத்தைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று அவள் சொல்லித்தந்தாள். அவருக்கு எதற்குச் சொல்லித்தந்தாள்? அவர் எந்தக் காலத்தில் மலைக்குப் போனார்? சொல்லிச் சொல்லித் தனக்குத்தான் பாடமாக்கினாளோ? பீப்பர் இருக்கிறது, பயமில்லை. பீப்பர் தேடத்தான் உதவும், தடுக்காது. அதையும் அவள்தான் சொன்னாள். இதுவரைக்கும் எத்தனை மூச்சு? கொஞ்ச நேரம் என்று சொன்னாளே, கால் மணித்தியாலம் போனால் கஷ்டம் என்றும் சொன்னாளே, ஹெலி போய் இப்போது அதைவிட எவ்வளவு நேரம். ரேகுலாவின் இலக்கம் அவரிடம் இல்லை, வதனிக்குப் போன் எடுத்தார். ஜெர்மன் பெண் ஒருத்தி மிகவும் மரியாதையாக, இந்த இலக்கத்தோடு இப்போது தொடர்புகொள்ள முடியாது என்றாள். அந்தப் பெண்ணுக்கு வதனி எங்கே என்று தெரிந்திருக்கும் போலவும், சொல்ல மாட்டேன் என்கிற மாதிரியும் இருந்தது. நேற்றுப் பின்னேரம் பனிச்சரிவு ஆபத்து அறிக்கையை வாசித்துவிட்டு, "மூண்டு" என்றாள் வதனி. அஞ்சுக்கு மூன்றுதானே, நடுவில்தானே என்றார் அவர். "அஞ்சில மூண்டு எண்டால் பாஸ் மார்க் இல்லையப்பா. மூண்டிலதான் கனபேர் செத்துப்போறது. நாலு எண்டால் சனம் வீட்டில நிண்டிடும்." அப்படியென்றால் ஏன் போகிறாய்? இதையாவது கேட்டிருக்கலாம், ஏன் என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. அவர் சாம்பாரை இன்னும் கொஞ்சம் விடு என்றார். ஐயோ, சாம்பார். அவள் செய்கிற சாம்பாரில் புளி எப்போதும் கூட, இருபத்தைந்து வருசமாகச் சொல்லித் திருத்த முடியவில்லை. புளி கூடவே இருக்கட்டும். நிழல் பக்கம்தான் சீனி என்று சொன்னாளே, அப்படியென்றால் நிழல் பக்கம் போயிருக்க மாட்டாள். ஆனால் பலகை கழன்றது நிழல் பக்கம். அங்கே ஆள் இல்லாமல் பலகை தானாகக் கழலுமா? கச்சான் வைத்த பிறகுதானே கழன்றது. இல்லை, சரித்த பிறகு. கச்சானை வைத்துவிட்டுச் சரித்தாள். எதனால் கழன்றது, பாரத்தாலா சரிவாலா? கேட்டதாலா இருந்ததாலா? "பாரா, வெண்ணெய்!" என்று ப்ரூனோ கத்தினான். அவர் கையில் ஒரு பெட்டி கிரீம் இருந்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இன்னொரு தரம் ஹெலி போனது, இந்த முறை கீழே, ஆஸ்பத்திரி இருக்கிற பட்டணத்துப் பக்கம். கீழே போகிறதென்றால் ஆளை ஏற்றியிருக்கிறார்கள். அவசரமாகப் போகிறதா? ஹெலி மெதுவாகப் போனால் நல்லதா கெட்டதா? சாப்பாட்டு அறையில் கரண்டிகள் கலகலத்தன. சனம் வயிறார ரோஸ்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் தட்டித் திருப்பிய ரோஸ்டிதான், ஒன்றுகூடக் கருகவில்லை. கை அப்படிப் பழகிப்போன கை. அந்தக் கைமேல் அவருக்குக் கோபம் வந்தது. மிளகுத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அதிர்ந்தபோது தெரியாத இலக்கம். தெரியாத இலக்கம் என்றால் பொலிஸ். அல்லது உர்ஸ். எடுக்காமல் விட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காமல் இருக்கும் என்ற எண்ணம் வந்து, அதற்குள் ப்ரூனோ திரும்பிப் பார்க்க, எடுத்துக் காதில் வைத்தார்.

"என்னப்பா, நான்தான்."

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"கேக்குதோ? ரேகுலான்ர போன். என்ர போன் குளிரில செத்துப்போச்சு. நாங்கள் சுகம். இரண்டு பேரும் சுகம், கேக்குதோ? ஏன் கதைக்கிறீங்களில்லை?"

"கதைக்கிறன்" என்றார். "நீர் சொல்லும்."

அவள் சொன்னாள். மூச்சு வாங்கியபடி, காற்றுக்கு மேலால் கத்திச் சொன்னாள். ஏறிக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் காலுக்குக் கீழே பனி ஊம் என்று ஒரு சத்தம் போட்டு இறங்கியதாம், காலடியிலிருந்து ஒரு வெடிப்பு ஓடியதாம். ரேகுலா அப்படியே நின்றுவிட்டாளாம். சரிவை விட்டுவிட்டு மலை முதுகால் ஏறினார்களாம். பின்னால் வந்த இரண்டு பெடியள், காலில் பலகை கட்டிச் சறுக்குகிற பெடியள், நிற்காமல் சரிவுக்குள் போனார்களாம். "ஒருத்தனைக் கொண்டுபோட்டுது. கை வெளிய தெரிஞ்சதால கிண்டி எடுத்தம். கால் முறிஞ்சுபோச்சு, உயிர் இருக்கு. உர்ஸ் வந்தவன். நீங்கள் பயந்துபோய் நிக்கிறியள் எண்டு அவன்தான் சொன்னவன்." பிறகு குரல் கிட்ட வந்தது. "காலமை நான் சொல்லுவம் எண்டுதான் வாசல்ல நிண்டனான். நீங்கள் தூரமோ எண்டிட்டு உள்ள ஓடிப்போட்டியள். கேளாமல் சொல்ல எனக்கும் ஒரு மாதிரிக் கிடந்தது. ரேகுலா கேட்டவள், வீட்டில சொல்லிட்டியோ எண்டு. ஓம் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

பாவி, நீயும் நின்றாயா என்று நினைத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கேள்வியை வாசலில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

"சரி, வைக்கட்டோ? ஏறின வழியால இறங்க ஏலாதாம், மிச்சமும் கழண்டு வரும் எண்டு உர்ஸ் சொல்லுறான். மற்றப் பக்கத்தால போறம். இந்த முதுகை விட்டால் சிக்னல் இராது. போட்டு வாறன்."

"வதனி."

"ம்?"

சைக்கிளின் ஒற்றை மிதியில் கால். மற்றக் காலும் தூக்கியாகிவிட்டது, இனிச் சீட்டுக்குப் போக வேண்டியதுதான் மிச்சம். கேட்காதே. வாயை மூடு. வாயை மூடியதால்தான் இன்றைக்கு முழுக்கச் செத்தாய். அவள் உயிரோடு நிற்கிறாள், அந்த உயிரின்மேல் போய் இதைக் கேட்கப் போகிறாயா, ஏன் கேட்டனி என்ற அம்மாவின் கேள்வியை இன்னொரு தரம் வாங்கப் போகிறாயா? சூடான சட்டியில் வெண்ணெய் பொரிந்தது. உர்ஸ் இந்தக் குசினி நடுவில், சிவப்பு ஜாக்கெட்டோடு, மிச்சம் வரும் என்று காத்துக்கொண்டு நின்ற நிற்பு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"எங்க போறீர்?"

மறுபக்கத்தில் காற்று மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தார்.

"என்ன கேட்டனீங்கள்?"

"எங்க போறீர் எண்டு கேட்டனான்" என்றார்.

"பொறுங்கோ" என்றாள். ரேகுலாவிடம் ஜெர்மனில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு பையைக் கழற்றிப் பொத்தென்று போடுகிற சத்தம். இருக்கப் போகிறாள். பனியில், அந்த உயரத்தில், பையின்மேல் இருக்கப் போகிறாள், அவர் கேட்டதற்காக. இராதே, எழும்பு, அவனும் இருந்தவன்தான், இருந்ததால்தான் என்று கத்த வாய் திறந்தது. ஆனால் அது மலை முதுகு, அங்கே மேலே விழ ஒன்றும் இல்லை, உர்ஸ் பக்கத்தில் நிற்கிறான். பிளாஸ்கின் மூடி திருகுகிற சத்தம். அவள் விழுங்குவது நன்றாகக் கேட்டது. அவர் காலையில் வார்த்துக் கொடுத்த தேத்தண்ணீர், இஞ்சி போட்டது.

"இருந்திட்டன். குடிச்சிட்டன்" என்றாள். "இப்ப கேளுங்கோ. இந்த முதுகால ரோட்எக் எண்ட மலைக் கழுத்துவரைக்கும் போறம். அதில இருந்து வெயில் பக்கமா இறக்கம். அந்தப் பக்கம் சீனி இல்லை, பயப்பிடாதேங்கோ. ப்ளாட்டன் எண்டு மாட்டுக் கொட்டில் மூண்டு வரும், அதைக் கடந்து காட்டுப்பாதை. பாதை முடியிற இடம் இன்னர்லோவ். பஸ் அங்கயிருந்துதான்."

"ரோட்எக்" என்றார்.

"ஓம்."

"வெயில் பக்கம். ப்ளாட்டன். மூண்டு கொட்டில்."

"ஓம்."

"இன்னர்லோவ்."

"சரியாச் சொல்லுறியள்" என்றாள் வதனி. அழுகிறாளோ சிரிக்கிறாளோ, காற்றில் பிரித்தறிய முடியவில்லை. "போட்டு வாறன்."

போன் இருட்டாகியது. அவர் அதை மிளகுத்தூளுக்குப் பக்கத்தில் வைத்தார். ரோட்எக், ப்ளாட்டன், இன்னர்லோவ். பயம் போய்விட்டதா என்று பார்த்தார். போகவில்லை, ஒரு நெல்மணிகூடக் குறையவில்லை. வெயில் பக்கத்தில் சீனி இல்லாவிட்டாலும் புல்லு வழுக்காதா? மூன்று கொட்டிலில் ஒன்று பனியில் புதைந்திருந்தால் இரண்டு என்று எண்ணிப் பாதையை விட்டுவிடுவார்களோ? காட்டுப்பாதை எவ்வளவு நீளம்? ஆனாலும் காலையிலிருந்து நாலு பக்கத்து மலையிலும் ஓடிக்கொண்டிருந்த பயம் இப்போது ஒரு பாதையில் இறங்கிப் போகத் தொடங்கியிருந்தது, அவரும் அதன் பின்னாலேயே போகலாம் போல இருந்தது. போகலாம்தானே? இன்னர்லோவுக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது, கீழே போய் ஒரு தரம் மாறி ஏற வேண்டும். இருபது வருசத்தில் அவர் அந்த ஊருக்குப் போனதில்லை. பாதை முடிகிற இடத்தில் நிற்கலாம். காட்டுக்குள்ளிருந்து வருகிறவருக்கு முதலில் தெரிகிற ஆளாக நிற்கலாம். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். சட்டியை இறக்கி வைத்தார். ஜாக்கெட்டைப் போட்டார், தொப்பி, கையுறை, பின்கதவின் கைபிடியில் கை வைத்தார்.

"பாரா!" என்றான் ப்ரூனோ அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல். "எங்கே போகிறாய்?"

பரராசசிங்கம் நின்றார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். எட்டி ஒரு கிளாஸ் எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். ப்ரூனோ கரண்டியோடு திரும்பி அவரைப் பார்த்தான்.

"இன்னர்லோவுக்கு" என்றார். "என் மனைவி அங்கே வருகிறாள்."